கோட்டில் கத்தரி வைக்க வேண்டாம்

மதிப்பும் பாசமும் என்றும் குறையாத அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் மகளும் சுகம். அங்கு நீங்களும் அக்காவும் சுகம் என்றும், உங்கள் ரத்தக் கொதிப்பு டாக்டர் பேச்சைக் கேட்டு நடந்துகொள்கிறது என்றும் நம்புகிறேன். முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அத்தான். உங்கள் கல்யாணக் கோட்டை எனக்கு அனுப்ப வேண்டாம். "தையல்காரரை வரச் சொல்லியிருக்கேன்டா, உன் அளவுக்கு ரெண்டு பக்கமும் வெட்டிப் பிடிச்சிடுவாரு" என்று அக்கா போனில் சொன்னபோது, பின்னால் நீங்கள் விட்ட பெருமூச்சு எனக்கு நன்றாகவே கேட்டது. குறுக்கே விசாலமான உங்கள் உடம்புக்குத் தைத்த கோட்டு அது. அதற்குள் நான் குடும்பத்தோடு குடியேறலாம். எனக்காக அதை வெட்டினால் மிச்சத் துணியில் இன்னொரு மைத்துனனுக்கும் ஒரு கோட்டு தேறும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தவிர, இன்டர்வியூ நேற்றே முடிந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாமல், நடந்ததை முழுசாகக் கேளுங்கள்.

"இத்தனை வயசாகியும் உன்கிட்ட உருப்படியா ஒரு பேண்ட்டு கிடையாதா?" என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனி ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யூனிஃபார்ம் போட்டே காலத்தை ஓட்டியவன் நான். காலையில் எதைப் போடுவது என்று யோசிக்கத் தேவையே வந்ததில்லை. கம்பெனியை மூடியபோது கொடுத்த சாமானையெல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. திரும்ப வாங்குவது யார் வேலை? ஸ்டோர் கீப்பர் வேலை. எல்லோருடைய யூனிஃபார்மையும் வாங்கி அடுக்கினேன். கடைசியில் என்னுடையதையும் நானே கழற்றி, நானே வாங்கி, நானே மடித்து வைத்துவிட்டு, கம்பெனி விளையாட்டுப் போட்டியில் கொடுத்த "கயிறு இழுத்தல், இரண்டாம் பரிசு" டீ-ஷர்ட்டோடு வீட்டுக்கு வந்தேன். அதன்பிறகு அந்த டீ-ஷர்ட்டும் நானும்தான் வீட்டைக் காவல் காத்தோம். காலையில் வீட்டுக்காரி பல் ஆஸ்பத்திரிக்குப் போய் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்துவிடுவாள், மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். இரண்டு பேரும் போன பிறகு கதவைச் சாத்துவேன் பாருங்கள், அந்தச் சத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை, அத்தான். மற்ற எல்லாக் கஷ்டத்தையும் சமாளித்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டோர் கீப்பர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. "முறையான உடையில் வரவும்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். புதுசா ஒரு செட் வாங்கிக்கலாம் என்று வீட்டுக்காரி சொன்னாள். அவள் சம்பளத்தில் வீடே ஓடுகிறபோது நான் கண்ணாடி முன்னால் நின்று சட்டை போட்டுப் பார்க்கவா? வேண்டாம், இலவசமாகவோ மலிவாகவோ நானே தேடிக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

முதலில் சட்டை. எங்கள் தெரு லாண்டரிக்காரரிடம் சலவைக்குப் போட்டுவிட்டு யாரும் திரும்ப வந்து வாங்காத துணிகள் ஒரு கம்பி நிறையத் தொங்குகின்றன. "வருஷக்கணக்கா தொங்குதுங்க, தேய்ச்ச கூலிய மட்டும் குடுத்துட்டு எடுத்துக்குங்க" என்றார். வெளிர்நீலத்தில் ஒரு சட்டை, புதுசு போலவே இருந்தது, கைநீளமும் எனக்குச் சரியாக இருந்தது. ஜெயித்த வீரனைப் போல வீட்டுக்கு வந்து, போட்டுக்கொண்டு வீட்டுக்காரி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கம்பியில் தொங்கும்போது நான் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். முதுகில் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை "சிரித்த முகமே எங்கள் சேவை" என்று எம்பிராய்டரி போட்டிருந்தது. ஏதோ ஒரு ஹோட்டல் சர்வரின் சட்டை! வீட்டுக்காரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியால் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து எடுத்தாள். நூல் போய்விட்டது, எழுத்து போகவில்லை. சுற்றியிருந்த துணி வெளுத்து, எழுத்து இருந்த இடம் மட்டும் பளிச்சென்று முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. "பரவால்ல, யாருக்கும் முதுகக் காட்டாதீங்க" என்று சொல்லிவிட்டாள். உங்கள் கோட்டு அப்போது ஒரு கணம் நினைவுக்கு வந்தது உண்மைதான். மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

அடுத்தது பேண்ட். பொது நூலகத்தின் பின்பக்கம் ஒரு அறையில், வேலை தேடுகிறவர்களுக்கு இன்டர்வியூ துணி இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று மகள் கேள்விப்பட்டு வந்து சொன்னாள். போக எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த அறையை நடத்தும் அம்மா எதையும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்குவதால் எல்லோரும் அவரை டேப்பம்மா என்கிறார்கள். "நிமிந்து நில்லுங்க, வேலை இல்லாதவங்க எல்லாரும் கூனிக்கிட்டே நிக்கிறீங்க, அளவு தப்பா வருது" என்று அதட்டினார். நிமிர்ந்து நின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நிமிர்ந்தது போல இருந்தது, அத்தான். நல்ல கறுப்பு பேண்ட் ஒன்றை எடுத்து, இடுப்பைப் பிடித்து, காலை நீட்டித் தைத்து வைப்பதாகச் சொன்னார். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாங்கப் போனேன். கவுண்டர் மேல் ஒரே மாதிரி இரண்டு பைகள் இருந்தன. டேப்பம்மா உள்ளே யாருக்கோ அளவெடுத்துக்கொண்டே, "உங்களுது இடது பக்கம் இருக்கு, பிரிச்சுப் பாத்துட்டு எடுத்துக்குங்க" என்று குரல் கொடுத்தார். இங்கேதான் என் தொழில் என் காலை வாரிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் நான். இடது என்றால் எனக்குக் கவுண்டர்காரருடைய இடதுதான். அவரோ வந்து நிற்கிறவருடைய இடதைச் சொல்லியிருக்கிறார். பிரித்தாவது பார்த்தேனா? அதுவும் இல்லை. கவுண்டரிலேயே பொட்டலத்தைப் பிரிப்பவர்களை "நகருங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று காலமெல்லாம் விரட்டியவன் அதே காரியத்தைச் செய்வேனா? பையை எடுத்துக்கொண்டு கம்பீரமாக நகர்ந்துவிட்டேன். மடிப்பு கலையக்கூடாது என்று வீட்டிலும் பிரிக்கவில்லை.

காலையில் பிரித்தேன். உள்ளே இருந்தது பேண்ட்டா, கூடாரமா என்று தெரியவில்லை. இடுப்பில் என்னைப் போல இரண்டு பேர் நிற்கலாம், நீளமோ முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்துவிட்டது. நூலகம் திறக்கும்வரை காத்திருந்தால் இன்டர்வியூ போய்விடும். வீட்டில் இருந்த ஊக்கு எல்லாவற்றையும் என் இடுப்பைச் சுற்றிக் குத்தினாள் வீட்டுக்காரி. கணுக்காலை மறைக்க எதிர்வீட்டு பஸ் டிரைவர் தன் நீளமான காக்கிச் சாக்ஸைக் கொடுத்து, "இழுத்து விட்டுக்குங்க, யாரும் கீழ பாக்க மாட்டாங்க" என்று தைரியம் சொன்னார். மகள் வாசல்வரை வந்து, "அப்பா, சிரிச்ச முகமா போயிட்டு வாங்க" என்றாள். கேலியா, பாசமா என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. பஸ்ஸில் உட்கார முடியாமல், முதுகைக் கம்பியில் ஒட்டிக்கொண்டு நின்றபடியே போய்ச் சேர்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில் எனக்கு முன்பே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கணம் நீங்கள்தானோ என்று திகைத்துவிட்டேன், அப்படியே உங்கள் உடல்வாகு. அவரும் உட்காரவில்லை. ஃபைலை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்தபடி நின்றார். அவர் பேண்ட்டின் கால்கள் தரையில் கொசகொசவென்று மடிந்து கிடந்தன. அவர் என் கணுக்காலைப் பார்த்தார். நான் அவர் ஃபைலைப் பார்த்தேன்.

"டேப்பம்மாவா?" என்றார், மூச்சை விடாமல்.

"ஆமாங்க."

"பட்டன் போடவே முடியலங்க. ஃபைல எடுத்தா மானம் போயிடும். சர்டிஃபிகேட்டக் காட்டுங்கன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

அப்போது என் மனதில் ஓடியதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இருக்கிறது ஒரே வேலை. வந்திருப்பது நாங்கள் இரண்டு பேர். நான் பேசாமல் இருந்துவிட்டால் அவர் ஃபைலைத் திறக்கும்போதே கதை முடிந்துவிடும். என் கூடாரம் ஊக்கின் தயவில் எப்படியாவது தாக்குப்பிடிக்கும். அந்த நினைப்பு இருந்தது. ஆனால் அந்த மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தபோது, டேப்பம்மா அதட்டியதற்கு முன்னால் நான் நின்ற நிலைதான் ஞாபகம் வந்தது. "வாங்க" என்று கையைப் பிடித்து டாய்லெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடுத்தடுத்த அறையில் நின்று, தடுப்புக்கு மேலே பேண்ட்டை மாற்றிக்கொண்டோம். "சீக்கிரம் உங்களத அவுத்துக் குடுங்க!" "இருங்க, ஊக்கு குத்துது!" "மெதுவா இழுங்க, கிழிஞ்சிடும்!" என்று உள்ளே நாங்கள் கத்த, வெளியே கை கழுவிக்கொண்டிருந்த காவலாளி கதவைத் தட்டி, "யாருங்க உள்ள? என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டார். வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்றோம். இரண்டு பேருக்கும் கச்சிதம். அவர் அப்போதுதான் முழுசாக மூச்சு விட்டார். "என்னை எங்க மில்லு ஸ்டோர்ல பீரோன்னு கூப்பிடுவாங்க" என்றார். என்னை ஏணி என்பார்கள் என்று சொன்னேன். காவலாளிகூடச் சிரித்துவிட்டார்.

பீரோவைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவர் வந்த பிறகு நான் போனேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து, நாற்காலியில் முதுகைப் பதித்துக்கொண்டேன். நடுவில் தலைமை நர்ஸ், இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள். எல்லாம் சுமுகமாகப் போனது. கடைசியில் அந்த அம்மா, "ஒரு வார்டுக்குப் போக வேண்டிய சாமான் இன்னொரு வார்டுக்குப் போயிடுச்சு, அவங்களுது இவங்களுக்கு வந்துடுச்சு. என்ன செய்வீங்க?" என்று கேட்டார்.

"யார் மேல தப்புன்னு பேசிக்கிட்டு நிக்காம முதல்ல மாத்திக் குடுத்துடணும்மா. இப்பத்தான் கீழ டாய்லெட்ல மாத்திக் குடுத்துட்டு வர்றேன்" என்று வாய் முந்திக்கொண்டது. பிறகு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பையை மாற்றி எடுத்தது நான்தான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"முன்னாடி வந்தவரும் இந்தக் கதையச் சொன்னாரே. ஆனா பிரிச்சுப் பாக்காம வாங்கினது தன்னோட தப்புன்னு சொன்னாரு."

"இல்லம்மா, தப்பு என்னுது. அவரு பாவம், மிச்சமிருந்ததத்தான் எடுத்திருக்காரு."

"வேலைக்குத்தான் போட்டின்னு நெனச்சேன், தப்புக்குமா?" என்று சிரித்துவிட்டார் அந்த அம்மா. நான் எழுந்து, மூன்று பேரையும் கும்பிட்டபடியே பின்னோக்கி நடந்தேன். கதவுக் குமிழ் இடுப்பில் இடித்தது. "திரும்பியே போங்க, பரவால்ல" என்றார் அவர். "நீங்க வந்து கதவச் சாத்தும்போதே படிச்சுட்டோம்."

இதுதான் நடந்தது. முடிவைப் பிறகு சொல்வார்களாம். கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, அத்தான், இனி எனக்குக் கவலை இல்லை என்று எழுத வந்தேன். அது பொய். கவலை இருக்கிறது. ஆனால் நம்பிக்கை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. உடைப் பிரச்சினை நிரந்தரமாகத் தீர்ந்துவிட்டது. சட்டை இருக்கிறது, பேண்ட் இருக்கிறது, நாளைக்கே இன்னொரு இடத்தில் கூப்பிட்டாலும் எழுந்து போய்விடுவேன். ஆகவே உங்கள் கோட்டு உங்கள் அலமாரியிலேயே நிம்மதியாகத் தொங்கட்டும். யாருக்கும் அதை நீங்கள் கொடுக்கக்கூடாது. அக்காவுக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் நல்ல தூக்கமும் நல்ல பசியும் நீண்ட ஆயுளும் அமைய வேண்டிக்கொள்ளும்,

உங்கள் பாசமுள்ள மைத்துனன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். வேலை எனக்கே கிடைத்துவிட்டது! வீட்டுக்காரி பல் ஆஸ்பத்திரியில் போனை வைத்துவிட்டு அழுதாளாம், பல்வலி தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்து யாரோ அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்களாம். முதல் நாளே யூனிஃபார்ம் கொடுத்துவிடுவார்கள், எந்த உடையில் வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். கயிறு இழுத்தல் டீ-ஷர்ட்டிலேயே போகப் போகிறேன். பீரோவுக்கு நானே போன் செய்து சொன்னேன். "நல்லாருங்க, ஏணி" என்றார். தலைமை நர்ஸ் அவரை ஒரு பெரிய ஹோட்டலின் ஸ்டோருக்குச் சிபாரிசு செய்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. கோட்டு போட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். டேப்பம்மாவிடம் அவர் அளவுக்குக் கோட்டே கிடையாது. அத்தான், மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். தையல்காரர் வந்திருந்தால் ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். அக்கா கையில் கத்தரி இருந்தால் வாங்கி ஒளித்து வையுங்கள். ஒரு நூல்கூடப் பிரிக்காமல் கோட்டை இன்றைக்கே பார்சலில் போடுங்கள்.