மறுப்பு அலுவலர்

"அப்பா, பர்கர்."

கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் வாண்டு. தோளில் புத்தகப் பை. அவிழ்ந்த ஷூ லேஸ் அரசாங்கத் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தது.

அறைக்குள் உயர்மட்டக் கூட்டம். சுவரில் கொழுப்பு அடைத்த ரத்தக்குழாய் ஒன்று செக்கச்செவேலென்று பெரிதாகத் தெரிந்தது. அதைக் குச்சியால் சுட்டிக்காட்டி, "துரித உணவு நம் பிள்ளைகளை என்ன செய்கிறது என்றால்..." என்று முழங்கிக்கொண்டிருந்த துணைச் செயலாளர், மகளைப் பார்த்ததும் குச்சியை மெல்லக் கீழே இறக்கினார்.

உணவு ஒழுங்குமுறைத் துறையில் அவருக்கு 'உட்பிரிவு' என்று பெயர். 'டீயா, காபியா சார்?' என்று கேட்டால், 'டீ. அது இல்லாத பட்சத்தில் காபி. இரண்டும் ஆறிப்போயிருக்கும் பட்சத்தில் தண்ணீர்' என்று உட்பிரிவு போட்டுத்தான் பதில் சொல்வார்.

எதையும் சொல்லத் தெரிந்த அந்த வாய்க்கு ஒரே ஒரு வார்த்தைதான் வராது. அது 'வேண்டாம்.' அதிலும் மகளிடம் சுத்தமாக வராது. வாண்டு தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்தால் போதும், மனிதர் பாகாக உருகிவிடுவார்.

பள்ளிக்கூட வேன் தினமும் சாயங்காலம் அந்த வழியாகத்தான் போகும். ஓட்டுநர் தொப்பையை ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு இறங்கி, மூலைக் கடையில் டீ குடிப்பார். அந்த இடைவெளியில் வாண்டு அப்பாவின் அலுவலகத்துக்குள் ஓடி வருவாள். பக்கத்துக் கட்டடத்திலேயே பர்கர் கடை. வாங்கியதும், "வேன்லயே சாப்பிட்டுக்கிறேம்பா" என்று ஓடிவிடுவாள்.

"இப்ப மீட்டிங்டா கண்ணு..."

"சரி. அப்போ வேண்டாமா?" ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திக் கேட்டாள் வாண்டு.

அறையே அவர் வாயைப் பார்த்தது. சுவரில் இருந்த ரத்தக்குழாயும் பார்ப்பதுபோல் இருந்தது.

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார் உட்பிரிவு. உதவியாளரை அருகே அழைத்துக் காதில் கிசுகிசுத்தார். "பாப்பாவைக் கூட்டிட்டுப் போ. தீர்ந்துபோச்சுன்னு கடைக்காரனைச் சொல்லச் சொல்லு."

போன உதவியாளர் வாயைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்.

"இப்பதான் சூடா போட்டு எடுத்தாங்களாம் சார். பொய் சொல்றது கம்பெனி கொள்கைக்கு விரோதமாம். நமக்காக ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னுட்டாங்க. பாப்பாவுக்கு ஒண்ணு. இன்னொண்ணு வீணாப் போயிடுமேன்னு..."

போன மாதம் பள்ளிக்கூடத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்த டாக்டரம்மாள் காட்டியதும் இதே ரத்தக்குழாய்ப் படம்தான். "வேண்டாம்னு இப்ப நீங்க சொல்லுங்க. இல்லேன்னா பின்னால நாங்க சொல்றதுக்கு எதுவுமே இருக்காது" என்று போட்டாரே ஒரு போடு! அன்றிலிருந்து உட்பிரிவுக்குச் சோறு இறங்கவில்லை. வாண்டு என்னவோ குச்சி மாதிரிதான் இருந்தாள். அதுதான் அவருக்கு இன்னும் பயம். 'வெளியில் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே படிகிறது' என்று முடிவு கட்டியிருந்தார்.

வீட்டில் மனைவி, மகளின் பள்ளிக்கூட ஷூவை மடியில் கவிழ்த்துப் போட்டுப் பாலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்காவது சொன்னீங்களா?"

"எதை?"

"வேண்டாம்னு."

"சூழ்நிலை சாதகமா இல்ல."

"ஒரே ஒரு வார்த்தைங்க! சொன்னா வாய் சுளுக்கிக்குமா?" பிரஷ் 'டக்'கென்று தரையில் விழுந்தது. வாண்டு சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "அம்மா, குதிகால் பக்கம் இன்னும் பளபளப்பு வரலை" என்றாள்.

"கவலைப்படாதே. சட்டமே கொண்டுவரப் போறேன்" என்றார் உட்பிரிவு.

"சட்டம் சொன்னா கணக்கில்லைங்க. நீங்க சொல்லணும்."

இவளுக்கு நிர்வாகம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார் உட்பிரிவு.

அமைச்சருக்கு அடிக்கடி ஓர் அறிவிப்பு வேண்டும். அந்த வாரம் கைவசம் ஒன்றும் இல்லை. உட்பிரிவின் கோப்பு போன வேகத்தில் ஒப்புதலோடு திரும்பி வந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு, பெற்றோர் உடன் வராமல் பர்கர் விற்கக் கூடாது!

உட்பிரிவு கைகளைத் தேய்த்துக்கொண்டார். மகள் வந்து கேட்பாள். 'அப்பாவுக்கு வேலை இருக்குடா, வர முடியாதே. சட்டம் வேற இப்படி இருக்கு' என்று கையை விரித்துவிடலாம். பழி சட்டத்தின் தலையில். பாசம் அப்பாவின் பக்கம்.

மறுநாள் வாண்டு வந்தாள். "அப்பா, கிளம்புங்க."

"எங்கடா?"

"பர்கர் கடைக்கு. சட்டப்படி நீங்க கூட வரணும்."

"அப்பாவுக்கு வேலை..."

"வர மாட்டீங்களா?" தலை சாய்ந்தது.

உட்பிரிவு எழுந்து செருப்பைத் தேடினார்.

கடைக்குள் நுழைந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உட்கார இடமில்லை. ஊரில் உள்ள அப்பாக்களும் அம்மாக்களும் அங்கேதான் இருந்தார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வந்தவர்கள், வந்ததற்கு ஆளுக்கொன்று வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தொட்டுக்கொள்ளும் சாஸைக் குழந்தையிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

சிவப்புத் தொப்பி போட்ட மேனேஜர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், நீங்கதானே அந்தச் சட்டத்தை எழுதினது? வியாபாரம் ரெண்டு மடங்கு சார்! முன்னே பிள்ளைங்க மட்டும்தான் வருவாங்க. இப்போ குடும்பத்தையே அனுப்பி வைக்கிறீங்க."

"இது... உங்களைக் கட்டுப்படுத்துறதுக்காகப் போட்ட சட்டம்."

"எங்களை ஏன் சார் கட்டுப்படுத்தணும்? பிள்ளை என்ன திங்கணும்ங்கிறது பெத்தவங்க பொறுப்பு. பெத்தவங்களே வந்து நிக்கும்போது நாங்க என்ன செய்ய? உட்காருங்க. உங்களுக்குச் சீஸ் போட்டதா, போடாததா?"

"போடாதது. அது இல்லாத பட்சத்தில்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். வாண்டு தன்னுடையதை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் வேனுக்கு ஓடிவிட்டாள்.

சில நாட்களிலேயே உட்பிரிவின் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து மேசைக்கு அடியில் ஓடியது.

அடுத்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வாங்குவதற்கு முன், உப்பு, கொழுப்பு, சர்க்கரை என்று தீமைகளைக் கடைக்காரர் உரக்கப் படிக்க வேண்டும். 'இவற்றையெல்லாம் அறிந்தே என் பிள்ளைக்கு வாங்கித் தருகிறேன்' என்று பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். எந்தத் தகப்பன் மனசறிந்து போடுவான்?

எல்லாத் தகப்பன்களும் போட்டார்கள். தீமைகளைக் கடைப்பெண் மெட்டுப் போட்டுப் பாடினாள். கையெழுத்துப் போட்டவர் சட்டையில் 'பொறுப்புள்ள பெற்றோர்' என்ற பேட்ஜைக் குத்திவிட்டார்கள். "எங்கம்மாகிட்ட மூணு இருக்கே, உங்கம்மாகிட்ட?" என்று பிள்ளைகள் போட்டி போட்டார்கள். கடையில் அதிகம் கையெழுத்துப் போட்டவரின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் மாட்டினார்கள்.

படத்தில் உட்பிரிவு சற்றே உப்பியிருந்தார்.

அதைப் பார்த்துவிட்டு வந்த மனைவி, ஷூவுக்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டாள். "இதுக்குப் பேரு ஒழுங்குமுறையா?"

"அமலாக்கத்துல ஒரு சின்னச் சறுக்கல்."

"ஊருக்கெல்லாம் சட்டம் எழுதுற நேரத்துக்கு, மகளைப் பார்த்து ஒரு தடவை 'வேண்டாம்'னு சொல்லிட்டா என்ன? என் நகம் பூரா கறுப்பாயிடுச்சு."

நகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் மூளையில் அப்போதுதான் அந்த மின்னல் வெட்டியது.

பெற்றோரால் சொல்ல முடியவில்லை. கடைக்காரன் சொல்ல மாட்டான். அப்படியானால் யார் சொல்வது? அரசாங்கம்!

பிறந்தது 'மறுப்பு அலுவலர்' திட்டம். ஒவ்வொரு பர்கர் கடையிலும் ஓர் அரசு ஊழியர் உட்கார்ந்திருப்பார். பிள்ளை கேட்டதும், பெற்றோர் சார்பில் 'வேண்டாம்' என்று சொல்வார். அதற்குமேல் விற்றால் கடைக்குப் பூட்டு.

முதல் மறுப்பு அலுவலரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஓய்வூதியப் பிரிவில் ஒருவர் இருந்தார். 'இல்லை', 'முடியாது', 'நாளைக்கு வாங்க' என்பதைத் தவிர வேறெதையும் அவர் வாயால் யாரும் கேட்டதில்லை. நேர்முகத்தில், "இந்தப் பதவியில் உங்களுக்கு விருப்பமா?" என்று கேட்டபோதும் பழக்கதோஷத்தில் "இல்லை" என்றார். அந்த இடத்திலேயே வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

அமைச்சருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "திட்டம் மட்டும் ஜெயிச்சா நீங்கதான் இணைச் செயலாளர்" என்று உட்பிரிவின் தோளைத் தட்டினார்.

தொடக்க விழா அதே பர்கர் கடையில். வாசலில் நாடா, வரிசையாகக் கேமராக்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் மேசை போட்டு, வயிற்றுவலிக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மறுப்பு அலுவலர். உட்பிரிவின் படத்தைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் திருப்பி வைத்திருந்தார்கள்.

அமைச்சர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பெத்தவங்க சொன்னா என்ன, அரசாங்கம் சொன்னா என்ன? பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்! இனிமே உங்க வீட்டு 'வேண்டாம்' எங்க பொறுப்பு!"

கைதட்டல். "எங்கே, முதல் குழந்தை வரட்டும்."

யாரை நிறுத்துவது என்று முன்பே யோசித்து வைத்திருந்தார் உட்பிரிவு. ஊரார் பிள்ளை அழுதால் வம்பு. சொந்தப் பிள்ளையென்றால் எல்லாம் ஒரே கல்லில் முடிந்துவிடும். மகளுக்கு மறுத்தாகிவிட்டது, பழியும் தன்மேல் இல்லை, பதவியும் வந்துவிடும். வாண்டுவை முன்னே தள்ளினார்.

வாண்டு கல்லாவைப் பார்த்தாள். "ஒரு பர்கர்."

மறுப்பு அலுவலர் தொண்டையைச் செருமினார். "வேண்டாம்."

வாண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு?"

"அரசாங்கம்."

"நீங்க சொன்னா செல்லாது அங்கிள்."

வாண்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்கப்பா சொல்லணும். எங்கப்பா அவர் வாயால சொல்லணும். வேற யார் சொன்னாலும் கணக்கில்லை. அரசாங்கம் சொன்னாலும் கணக்கில்லை!"

நிருபர்கள் பக்கமிருந்து கைதட்டல் வெடித்தது. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் தன் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "நெத்தியடி!" என்றார் டி.வி.க்காரர். சிவப்புத் தொப்பி மேனேஜர் விசிலே அடித்துவிட்டார்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமலா அமைச்சர் ஆனார்? அவர் வாண்டுவைத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினார். "இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்லிட்டு வர்றேன்! பிள்ளை வளர்ப்பு பெத்தவங்க பொறுப்பு! அரசாங்கம் வீட்டுக்குள்ளே மூக்கை நுழைக்கலாமா? இந்தத் திட்டம் இந்த நிமிஷமே ரத்து!"

கிளம்பிப் போகும்போது உட்பிரிவின் காதருகே குனிந்தார். "எடை அளவைத் துறைல ஒரு இடம் காலியா இருக்கு. நாளைக்கே போய்ச் சேர்ந்துடுங்க."

உட்பிரிவு மறுப்பு அலுவலரைப் பரிதாபமாகப் பார்த்தார். "நமக்கு ஏதாவது வழி இருக்கா?"

"இல்லை" என்றார் மறுப்பு அலுவலர்.

கூட்டம் கலைந்தது. நடைபாதையில் தகப்பனும் மகளும் மட்டும். மேனேஜர் வாண்டுவின் கையில் ஒரு ராட்சச பர்கரைத் திணித்துவிட்டுப் போயிருந்தார், இலவசமாக.

"அப்பா, எடுத்துக்கட்டுமா? வேண்டாமா?"

உட்பிரிவு கண்ணை மூடினார். ரத்தக்குழாய் தெரிந்தது, டாக்டரம்மாள் தெரிந்தார், எடை அளவைத் துறையின் துருப்பிடித்த தராசு தெரிந்தது. வேலைதான் போயிற்று, பிள்ளையையாவது காப்பாற்றுவோம். மூச்சை இழுத்தார். பல்லைக் கடித்தார்.

"வே..."

வாண்டுவின் முகம் வெளுத்தது. தலை மெல்லச் சாய்ந்தது.

"வே... வேன் நிக்குது பாரு. போய்ச் சாப்பிடு கண்ணு."

வாண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே ஓடினாள். ஏறும்போது படியில் நின்று தன் பளபளக்கும் ஷூவை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

வேன் கிளம்பவில்லை. ஓட்டுநர் தொப்பையை உருவிக்கொண்டு இறங்கினார். கையில் அந்த ராட்சச பர்கர். அதை வெறுப்போடு பார்த்தபடி உட்பிரிவின் அருகே வந்தார்.

"சார், பாப்பாவுக்கு இந்த வாசனையே ஆகாது, ஆரம்பத்திலிருந்து நான்தான் தின்னுட்டு இருக்கேன், நீங்க ஒரு நாளாவது வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு நம்பி, சொல்ற வரைக்கும் பாப்பா ஷூவுக்குத் தானே பாலிஷ் போடுறேன்னு அம்மா பாப்பாகிட்ட பந்தயம் கட்டிட்டாங்களாம், கொஞ்சம் சீக்கிரம் சொல்லித் தொலைங்க சார், எனக்குச் சட்டையெல்லாம் பத்தலை!"