அட்டவணை போட்டவர் ஏறவும்

நான் பயந்தவன் அல்ல. கால் தரையில் இருக்கும்வரை யாரையும் ஒரு கை பார்ப்பேன். தரையை விட்டு எழும்பினால்தான் தொல்லை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினால்கூட என் மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். என்னையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியில் பல்பையும் அவளே மாற்ற வேண்டும்.

இப்படிப்பட்டவன் பெண்ணை வெளிநாட்டில் கட்டிக்கொடுத்தேன். அவள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்த அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "பிரசவத்துக்கு நாம ரெண்டு பேரும் போகணுங்க, ஒரு பகல் ஒரு ராத்திரி பிளேன்ல" என்று மனைவி சொன்னதும் கால் வந்து தரையில் ஒட்டிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துக் கொள்ளைநோய் வந்தது. நாடுகள் கதவைச் சாத்தின, விமானங்கள் நின்றன. ஊரே கலங்கியது. நானும் கலங்கினேன். ஆனால் முகக்கவசத்துக்குள் எனக்கென்று ஒரு சின்ன நிம்மதிப் பெருமூச்சும் விட்டுக்கொண்டேன்.

பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் ஒன்றிரண்டு நாடுகள் கதவை ஒருக்களித்துத் திறந்தன. மகள் வீடியோவில் வந்தாள். மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நாள் முழுக்க நோயாளிகளோடு இருப்பதால், வீட்டுக்கு வந்தாலும் தனி அறையில்தான் இருக்கிறார். இவள் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். வீங்கிய கால்களை ஒரு தலையணைமேல் நீட்டிக்கொண்டு, "வர முடியுமாம்மா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வர்றோம்" என்றாள் என் மனைவி.

திரை அணைந்ததும் நான் மெல்ல ஆரம்பித்தேன். "ஏம்மா, நீ மட்டும் போயிட்டு வாயேன். நான் வீட்டைப் பார்த்துக்கறேன்."

"வீட்டை நீங்க பார்த்துப்பீங்க. உங்களை யார் பார்த்துப்பாங்க?"

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா தூக்கிட்டுப் போயிடுவேனே. அங்க உட்கார்ந்துக்கிட்டு, இங்க நீங்க அடுப்பை அணைச்சீங்களா இல்லையான்னு என்னால கவலைப்பட முடியாது. போனா ரெண்டு பேரும். இல்லைன்னா யாரும் இல்லை."

மறுநாள் காலை நான் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு தீர்மானத்தை அறிவித்தேன். "பயணத் திட்டம் முழுக்க என் பொறுப்பு. நீ அந்தப் பக்கமே வரக் கூடாது."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

திட்டம் என் கையில் இருந்தால், அது முடியாமல் இழுத்துக்கொண்டே போவதும் என் கையில்தானே? இதுதான் என் உள்திட்டம். தகுதியில் யாரும் குறை சொல்ல முடியாது. வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பஸ் டிப்போவில் கால அட்டவணை போட்டவன். எந்த பஸ் எப்போது கிளம்பி எங்கே எந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் என் பென்சில் முனையில் இருந்தது. எங்கள் டிப்போவில் ஒரு விதி உண்டு. புது அட்டவணை யார் போட்டாரோ, அவரே முதல் நடையில் ஏறிப் போய்வர வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கோடு போட்டுவிட்டு ஓட்டுநரைச் சாகடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. இந்த விதியின் பெருமையை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஆயிரம் தடவை பேசியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

என் மனைவி கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றும் தெருப் பிள்ளைகளுக்குப் போனில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அடிக்கமாட்டாள், அதட்டமாட்டாள். கணக்கைச் சொல்லிவிட்டு, "எனக்கே இது வருமான்னு தெரியலையே" என்று இழுப்பாள். எந்த மக்குப் பையனும் ரோஷம் வந்து போட்டுவிடுவான். அதை எத்தனையோ தடவை பக்கத்து அறையிலிருந்து கேட்டு ரசித்திருக்கிறேன். அடுத்தவன் மாட்டும்போது ரசிக்க நன்றாகத்தான் இருக்கும்.

கூடத்துச் சுவரில் உலகப் படத்தை ஒட்டினேன். கலர் பென்சில்களைச் சீவி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாள் மாலையும் மகளுக்கு வீடியோவில் நிலவரம் சொல்வேன்.

"நேர் விமானம் கிடையாது. நடுவுல ஒரு நாட்டுல மாறணும். அந்த நாடு நேத்து ராத்திரி நம்ம ஆளுங்களை உள்ளே விடறதில்லைன்னு அறிவிச்சிருச்சு. வேற பாதை பார்க்கறேன்." சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

மறுநாள் இன்னொரு நாடு. இறங்கினால் இரண்டு வாரம் ஓட்டல் அறையில் அடைத்துவைப்பார்களாம். இன்னொரு பெருக்கல் குறி. எந்த நாடு கதவைச் சாத்தினாலும் அதைத் துக்கக் குரலில் வாசிப்பேன். ஒரு வாரத்தில் உலகப் படம் அம்மை போட்டதுபோல் ஆயிற்று.

மகள், "பரவாயில்லைப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்று சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். என்ன ஜன்மம் நான் என்று எனக்கே வெறுப்பாக இருந்தது. இருந்தாலும் ஜன்னல் வழியே ஒரு பறவை பறப்பதைப் பார்த்தால்கூட எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன்.

அன்று மாலை மனைவி எதிர்வீட்டு டிராவல்ஸ்காரரிடம் போய்விட்டு வந்தாள். விமான டிக்கெட் போட்டுக்கொடுப்பது அவர் தொழில். என்னை எங்கே பார்த்தாலும் "என்ன சார், பஸ்ஸெல்லாம் நேரத்துக்கு வருதா?" என்று கேட்டுச் சிரிக்கிற ஆள்.

"விடுங்க. இது உங்களால முடியாதாம்" என்றாள், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"யார் சொன்னா?"

"டிராவல்ஸ்காரர்தான். 'இது பஸ் ஸ்டாண்டு கணக்கு இல்லீங்க டீச்சர், எனக்கே வழி தெரியலை, சாரால எப்படி'ன்னார். நானும் வந்துட்டேன்."

"அப்படியா சொன்னான்?"

"அவர் சொன்னா என்னங்க. நீங்க எவ்வளவோ பார்த்தாச்சு. பாவம், கண்ணெல்லாம் சிவந்திருக்கு. டீ போடட்டுமா?"

"டீ கிடக்கட்டும். எங்க முடியலைங்கறான்?"

"எனக்கு என்ன தெரியும்? வெளிய போகாம ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே பிளேன் மாற விடற நாடு ஒண்ணு இருக்காம். இங்கேருந்து அங்க செவ்வாய்க்கிழமை பிளேன். அங்கேருந்து பொண்ணு ஊருக்கு வியாழக்கிழமை பிளேன். நடுவுல அவ்வளவு நேரம் ஏர்போர்ட்ல உட்கார விடமாட்டாங்களாம். கிளம்பறதுக்கு முன்னாடி எடுக்கற நோய் டெஸ்டும் மூணு நாள்ல காலாவதியாயிடுமாம். அதான் முட்டிக்கிட்டு நிக்குதாம்."

நான் உலகப் படத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்க வேண்டும். எப்பேர்ப்பட்ட முடிச்சையெல்லாம் அவிழ்த்த கை! பின்னால் கிளம்பும் பஸ்ஸை நகர்த்த முடியாவிட்டால், முன்னால் கிளம்பும் பஸ்ஸைத்தான் மாற்ற வேண்டும். இது டிப்போவில் பால்பாடம்.

"நான் தெரியாமதான் கேக்கறேன்" என்றாள் டீயை வைத்துக்கொண்டே. "பிளேன் ஏறணும்னா நம்ம ஊர்லேருந்துதான் ஏறணுமா?"

அவ்வளவுதான், என் மூளையில் மணி அடித்தது. காரில் அரை நாள் போனால் இன்னொரு பெரிய ஊர். அங்கிருந்து அதே நாட்டுக்குப் புதன்கிழமை இரவு விமானம் இருக்கிறது. வியாழன் காலை இறங்கினால் அடுத்த விமானம் பக்கத்து வாசலில். டெஸ்டைத் திங்கள் மாலை கொடுத்தால் கெடுவுக்குள் எல்லாம் முடிந்துவிடும். பச்சைப் பென்சிலால் ஒரே இழுப்பாக மகள் ஊர் வரை கோடு போட்டேன். கைதட்டாத குறை.

"பார்த்தியா? போய் அந்த ஆள்கிட்டச் சொல்லு. பஸ் ஸ்டாண்டு கணக்காம்."

"அடேயப்பா" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கோட்டையே பார்த்தாள். "இதை ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியலையே."

"இது என்ன பிரமாதம்."

"சரிங்க. அப்ப எந்தப் பெட்டியை எடுக்கட்டும்?"

"எதுக்கு?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? அட்டவணை போட்டவர்தானே முதல் நடையில ஏறணும்? உங்க டிப்போ விதி."

டம்ளரை எடுத்தேன். டீ ஆறிப்போய்விட்டது.

இன்னும் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது. டெஸ்ட் முடிவு நேரத்துக்கு வராவிட்டால் பயணம் இல்லை. மூக்கில் குச்சிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்ததும், என் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். செவ்வாய்க்கிழமை மாலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "முடிவே வரலையேம்மா" என்றேன்.

"மத்தியானமே வந்தாச்சுங்க. ரெண்டு பேருக்கும் நெகட்டிவ். நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, அப்ப என் நம்பரைத்தான் கொடுத்தேன். உங்க போன் அரிசியில இருக்கு, எடுத்துக்குங்க. நான் உலை வைக்கணும்."

நெகட்டிவ் என்று முடிவு வந்து எல்லோரும் என்னைப் பாராட்டிய ஒரே பரீட்சை அதுதான்.

விமானத்தில் எங்கள் எல்லோருக்கும் வெள்ளை அங்கி, முகக்கவசம், அதன்மேல் கண்ணாடித்தாள் மறைப்பு. யார் புருஷன், யார் பெண்டாட்டி என்று தெரியவில்லை. கையைப் பார்த்துத்தான் அவளைக் கண்டுபிடித்தேன். விமானம் ஓட ஆரம்பித்தது. பிறகு அது செய்யக்கூடாததைச் செய்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. தொங்கினேன்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். எனக்கு..."

"தெரியும். கல்யாணமான புதுசுல ராட்டினத்துல ஏறலாம்னு கூப்பிட்டப்ப, 'அது ரிப்பேர்'னீங்க. அது சுத்திக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா இவ்வளவு நாள் பேசாம இருந்தே?"

"பயந்தாங்கொள்ளின்னு சொல்லிக்காட்டினா பயம் போயிடுமா? எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. பேசாம கையைப் பிடிச்சுக்குங்க, ரெண்டு பேருக்கும் ஆகும்."

அந்தப் பயத்தோடுதான் அத்தனை நாள் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு அவள்மேல் வந்த மரியாதை அந்த விமானத்தைவிட உயரத்தில் இருந்தது. உயரத்தைப் பற்றி நான் சொன்னால் நம்பலாம்.

மகள் வீட்டு மாடி அறையில் தனிமைக் கெடு முடியும்வரை இருந்தோம். முடிந்து கீழே இறங்கிய அன்று மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. சில நாளில் பேத்தி பிறந்தாள். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி உடையோடு கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து அழுதார். வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் அவளை வைத்தபோது, நான் இழுத்த ஒவ்வொரு சிவப்புக் குறியும் என் நெஞ்சில் குத்தியது.

அந்தச் சந்தோஷத்தில் டிராவல்ஸ்காரருக்குப் போன் போட்டேன். ஒரு சொல்லாவது சொல்லிக்காட்ட வேண்டாமா?

"வழியே இல்லைன்னீங்களே, பார்த்தீங்களா? வந்து பேத்தியை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம் சார். ஆனா வழி இல்லைன்னு நான் எங்க சொன்னேன்? புதன்கிழமைப் பாதையை டீச்சருக்குச் சொன்னதே நான்தானே. அன்னைக்கே ரெண்டு டிக்கெட்டும் போட்டுக் கொடுத்தேனே."

போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தேன். அவள் பேத்தியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கோடு போடறதுக்கு முன்னாடியே டிக்கெட் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"அப்புறம் எதுக்கு என்னை அந்தப் பாடு படுத்தினே?"

"அவர் போட்ட பாதைன்னா நீங்க ஆயிரம் ஓட்டை சொல்லுவீங்க. உங்க பாதைன்னா ஒரு ஓட்டையும் தெரியாது. அதுவும் இல்லாம, விடை தெரியாத கணக்கை நான் என்னைக்குங்க போர்டுல எழுதியிருக்கேன்?"

இனி இந்த ஜன்மத்தில் அவள் வலையில் விழுவதில்லை என்று பேத்தியின் தலைமேல் கைவைக்காத குறையாகச் சத்தியம் செய்துகொண்டேன்.

மறுவாரமே எல்லைகள் மறுபடி மூடின. மனைவி பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, நாம ஊருக்குத் திரும்பற பாதையெல்லாம் அடைச்சுட்டாங்களாம். டிராவல்ஸ்காரர்கூட கையை விரிச்சுட்டார். நான் தெரியாமதான் கேக்கறேன், இதுக்கு ஏதாவது வழி இருக்குமா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். கள்ளம் கபடம் இல்லாத முகம். எனக்கு எல்லாம் புரிந்தது. டிக்கெட் ஏற்கெனவே அவள் கைப்பையில் இருக்கிறது என்பதும் புரிந்தது.

ஆனால் கை மட்டும் அதற்குள் பென்சிலைச் சீவ ஆரம்பித்திருந்தது.