பீரோவுக்குள் ஒரு லைஃப் ஜாக்கெட்

மோதி பாக், புது தில்லி
டிசம்பர் 23, செவ்வாய்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் இளஞ்செழியன் அவர்களுக்கு மாணிக்கவாசகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை பூங்கோதையும், எங்களைத் தன் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வைத்துக் காப்பாற்றும் மகள் சிந்துவும் சுகம். அங்கு திருச்சியில் தாங்களும் அக்கா குஞ்சம்மாளும் சுகமென்றும், அக்காவின் மூட்டுவலி மட்டும் சுகமில்லாமல் இருக்கிறதென்றும் நம்புகிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். நான் யாருடன் பேசினாலும் ஸ்பீக்கரில் போட வேண்டும் என்று முந்தாநாள் முதல் வீட்டில் உத்தரவு. அதனால்தான் ஸ்பீட் போஸ்ட். விஷயம் இதுதான். என் லைஃப் ஜாக்கெட்டை உங்கள் தங்கை ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு எங்கள் யமுனைப் படகு நண்பர்கள் குழுவின் முதலாம் ஆண்டுப் பயணம். ஜாக்கெட் இல்லாதவர் படகில் ஏறக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான். "அண்ணன் சொன்னா தொறக்கிறேன்" என்பது அவளுடைய கடைசி வார்த்தை. ஆகவே நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, படகு சவாரியில் ஆபத்தே இல்லை என்று நீங்கள் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நீர் சம்பந்தப்பட்ட இலாகாவில் முப்பத்து நான்கு வருஷம் இந்தியாவின் அத்தனை நதிகளின் கோப்புகளையும் பார்த்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நதியில்கூடக் கால் நனைத்ததில்லை. இந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு நண்பர் சுப்பு யமுனைக்கு அழைத்துப் போனார். விமானப் படையில் இருபது வருஷம் வேலை பார்த்து, அத்தனை வருஷமும் தரையிலேயே இருந்த மனிதர். டிசம்பர், ஜனவரியில் விடியும்போது வெளிநாட்டிலிருந்து வந்த வெள்ளைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் தண்ணீரை ஒட்டிப் பறக்கின்றன. பனிக்குள்ளிருந்து சூரியன் ஆரஞ்சு மிட்டாய் போல வருகிறது. ஹாரன் சத்தம் இல்லை. தண்ணீரின் வாசனையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். கணக்குத் தணிக்கையில் ஓய்வு பெற்ற ஜெயகிருஷ்ணனும் சேர்ந்தார். கரோல் பாக் அருள்ராஜுக்குத் தண்ணீர் என்றால் பயம்; அவரை வீட்டிலிருந்தே போனைப் பார்த்துக்கொள்ளும் கரை அதிகாரியாக நியமித்தோம். படகுக்காரர் ராம்தீன் நால்வர் உட்காரும் படகைக் கொடுத்துவிட்டுப் படித்துறையில் டீ குடிப்பார். துடுப்பு எங்களுடையது. பேச்சு பாதி பாதுகாப்பு, பாதி குடும்பம்: லைஃப் ஜாக்கெட் வாரை எவ்வளவு இறுக்குவது, தண்ணீர் ஃபில்டரை எப்போது மாற்றுவது, சுழல் வந்தால் என்ன செய்வது, டிஸ்பென்சரியில் சர்க்கரை மாத்திரை வந்ததா. இந்தப் பேச்சையெல்லாம் ஒழுங்குபடுத்தி இருபத்தேழு பாதுகாப்பு விதிகளாக எழுதிக் கொடுத்தேன். விதிகளைப் பார்த்த பிறகுதான் உங்கள் தங்கை என்னை அனுப்பவே சம்மதித்தாள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். சரியான பனி. நீட்டிய கை தெரிந்தது, கடிகாரம் தெரியவில்லை. ஜெயகிருஷ்ணன் தன் வீட்டு மிளகாய்ப்பொடியைப் பற்றி ஆரம்பித்திருந்தார். ஏழேகாலுக்குப் படகு ஒரு முனகலோடு நின்றுவிட்டது. சுப்பு துடுப்பை இழுத்தார், நான் இழுத்தேன், அசையவில்லை. "எதுவோ புடிச்சிருக்கு சார்" என்றார் சுப்பு. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்திருக்கலாமே என்பீர்கள். எட்டாம் விதிப்படி, படகு நின்றவுடன் துடுப்புகளை உள்ளே எடுத்துவிட வேண்டும். இறங்கிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். ஒன்பதாம் விதிப்படி, உதவி வரும்வரை யாரும் படகைவிட்டு இறங்கக் கூடாது. பத்தாம் விதிப்படி அபாயச் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்புமுன் மற்ற இரண்டு உறுப்பினர்களும் வரைவைப் படித்து ஒப்புதல் தர வேண்டும். "படகு சிக்கிக்கொண்டது, உடனே வரவும்" என்று எழுதிக் காட்டினேன்.

"எதில் சிக்கியது என்று இல்லையே" என்றார் ஜெயகிருஷ்ணன்.

"அது தெரிஞ்சா நாம ஏன் சார் இங்க உக்காந்திருக்கோம்?" என்றார் சுப்பு.

"தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? 'சிக்கியதாகத் தோன்றுகிறது' என்று போடுங்கள்."

இருபத்தைந்து நிமிஷம் மச்சான். கடைசியில் குழுவின் வாட்ஸ்அப்பில் போன செய்தி இது: "குழுவின் படகு நடு ஆற்றில் இயக்கமின்றி நிற்கிறது. உறுப்பினர் மூவரும் நலம். தக்க நடவடிக்கை வேண்டப்படுகிறது." பதினோராம் விதிப்படி, நகல் மூவர் வீட்டுக்கும். அனுப்பிவிட்டு இட்லி டப்பாவைத் திறந்தோம். இரண்டு நிமிஷத்தில் கரை அதிகாரி அருள்ராஜிடமிருந்து பதில்: "காலை வணக்கம். மார்க்கெட்டில் இருக்கிறேன். முருங்கைக்காய் அச்சா ஹை. யாருக்கு வேண்டும்?" அவர் எங்கள் செய்தியைப் பார்க்கவே இல்லை. இதைச் சுட்டிக்காட்டி நான் பதில் எழுதுவதற்குள், என் எதிரே, நடு ஆற்றில், அபாயத்தில் இருந்த ஜெயகிருஷ்ணன் தன் போனிலிருந்து, "எனக்கு ஆறு. முற்றல் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு போனில் மேலே தள்ளி எங்கள் செய்தியைப் படித்த அருள்ராஜ், ஜெயகிருஷ்ணன் காய் வாங்குகிறார் என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று முடிவு கட்டி, ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வெண்டைக்காய்ப் பக்கம் போய்விட்டார். ஜெயகிருஷ்ணன் வீட்டிலும் சுப்பு வீட்டிலும் போன் தூங்கிக்கொண்டிருந்தது. நகலைப் படித்து நடவடிக்கை எடுத்தவர் தில்லி மாநகரிலேயே ஒருவர்தான். உங்கள் தங்கை.

போட்டிருந்த நைட்டியின் மேல் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, வழியெல்லாம் "பையா, ஜல்தி! ஜல்தி!" என்று கத்தி, எட்டரை மணிக்குப் படித்துறைக்கு வந்திருக்கிறாள். ராம்தீன் நிதானமாகப் பல் விளக்கிக்கொண்டிருந்தாராம். எங்களைப் பார்த்தாரா என்று கேட்டிருக்கிறாள். பார்க்கவில்லை, ஆனால் ஒரு மணி நேரமாகக் குரல் கேட்கிறது என்று சொல்லிப் பனிக்குள் கையைக் காட்டியிருக்கிறார். ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, "ஸாப் லோகோங் கீ மீட்டிங் சல் ரஹீ ஹை, மாதாஜி" என்றாராம். பெரியவர்கள் மீட்டிங்கில் இருக்கும்போது எப்படி இடையில் போவது?

அந்த நேரம் பார்த்துப் பனி கலைந்தது. நாங்கள் நடு ஆறு என்று எழுதிய இடத்திலிருந்து கரை முப்பது அடி. கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் தங்கை.

"ஏங்க! அங்க என்ன பண்றீங்க?"

"கோதை, அங்கேயே நில்லு! ஆழம் தெரியாது!" என்று அலறினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியே விட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது மச்சான், நிஜமாகச் சொல்கிறேன், எழுந்து நின்றுவிட்டேன். அது பதினாறாம் விதிப்படி குற்றம். அவள் நடந்தாள். நடந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு இரண்டு அங்குலம் கீழே நின்றது. அதற்கு மேல் ஏறவே இல்லை. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எங்கள் மூவரையும், மூன்று ஆரஞ்சு ஜாக்கெட்டுகளையும், இட்லி டப்பாவையும் பார்த்தாள்.

"எறங்குங்க."

ஜெயகிருஷ்ணன் மெல்ல, "இல்லம்மா, ஒன்பதாம் விதியில உதவின்னு சொன்னது உறுப்பினர்களோட உதவி. நீங்க உறுப்பினர் இல்லையே..." என்று ஆரம்பித்தார்.

"சார், எறங்குறீங்களா, இல்ல படக சாய்க்கட்டுமா?"

முதலில் இறங்கியவர் அவர்தான். நாங்கள் மூவரும் இறங்கியதும் படகு தானாக எழும்பி மிதக்க ஆரம்பித்தது. மணல் திட்டில் அதை அழுத்தி வைத்திருந்தது எங்கள் எடைதான். அவள் ஒரு விரலால் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்தாள். படித்துறையில் பறவைகளுக்குத் தீனி போட வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து மூன்று முறை குளித்தாள். பிறகு பீரோ.

மச்சான், நடுநிலையாக யோசியுங்கள். யாருக்கும் கீறல் இல்லை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே. இதைவிடப் பாதுகாப்பான ஆறு எங்கே கிடைக்கும்? கிடைத்த இருபது ஞாயிறுகளில்தான் நான் ஓய்வு பெற்றவன் என்பதே மறந்துபோனது. தயவுசெய்து அவளுக்குப் போன் செய்து, படகு மிக நல்லது, இந்த வயசுக்கு ஏற்றது, காற்றோட்டமானது என்று எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பேச்சைத் தட்டமாட்டாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். தை பிறந்து எல்லாருக்கும் நல்லது நடக்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
மாணிக்கவாசகம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. இன்று மாலை நண்பர்கள் மூவரும் மன்னிப்புக் கேட்க முருங்கைக்காயோடு வந்தார்கள். உங்கள் தங்கை காபி கொடுத்தாள். விதிகளைக் கேட்டு வாங்கி, சிந்துவின் சிவப்புப் பேனாவால் இருபத்தாறை அடித்துவிட்டு ஜாக்கெட் விதியை மட்டும் விட்டு வைத்தாள். கீழே, "மொதல்ல ஆழம் பாருங்க" என்று ஒன்று சேர்த்தாள். குழு ஒருமனதாக ஏற்று அவளைத் தலைவியாக்கியது. அருள்ராஜ் பதவி நீக்கம் செய்யப்பட்டார். புதிய கரை அதிகாரி நான். பீரோ திறந்தது, என் ஜாக்கெட் அவளுக்குக் கச்சிதமாக இருக்கிறது. ஆகவே மேலே கேட்டதைச் சொல்ல வேண்டாம். படகு ஆபத்தானது, யமுனை ஆழமானது, பனி ஆகாது என்று அவளிடம் உடனே சொல்லுங்கள்.

அதுவும் வேண்டாம். தோளுக்கு மேலிருந்து படித்துவிட்டாள். நாலாவது இடம் உங்களுக்காம். பொங்கலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, ஜாக்கெட் வாங்க மார்பளவைத் தெரிவிக்கச் சொல்கிறாள். கரையில் நான் இருப்பேன். போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.