சின்ன எண்ணுக்கே மண்டபம்

கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எண்ணைக் கண்டால் கேள்வி கேட்காமல் நம்பிவிடுவோம். தொண்ணூறுகளில் எனக்கு அது முற்றியிருந்த நேரத்தில், காரைக்குடியில் சித்தப்பாவின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். (கேட்டது யார் என்கிறீர்களா? யாருமில்லை.)

ஒருவர் தேதி கேட்டதுமே கம்ப்யூட்டர் ஒரு வரிசை எண் போடும். அவர் உறுதி செய்யும்போது அந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளும். ஒரே தேதிக்கு இருவர் வந்தால்? சின்ன எண்காரர்தானே முந்தியவர், மண்டபம் அவருக்கே என்று எழுதிவைத்தேன். நேரத்தைப் பார்க்கச் சொல்லவே இல்லை.

அமராவதிபுதூர் சூசை வாத்தியார் மகள் கல்யாணத்துக்குத் தேதி கேட்டார். எண் விழுந்தது. "பங்குச் சாமியாரக் கேட்டுட்டு வந்து உறுதி பண்றேன்த்தா" என்று போனார். அவர் போனதும் மானகிரி கருப்பையா வந்து, தன் மகளுக்கு அதே தேதியைக் கையோடு உறுதி செய்து ரசீது வாங்கிப் போனார். சாயங்காலம் வாத்தியார் திரும்பி வந்தார். அவர் எண் சின்னதல்லவா? கம்ப்யூட்டர் சத்தமில்லாமல் கருப்பையாவை நீக்கிவிட்டு, வாத்தியாருக்கும் ரசீது அடித்தது.

கருப்பையா வாத்தியாரிடம் படித்தவர். பத்திரிகை வைக்கப் போன இடத்தில் வாத்தியாரும் ஒரு பத்திரிகையை நீட்டியிருக்கிறார்; அதே தேதி, அதே மண்டபம். இருவரும் நேரே மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள்.

நான் எண்களை விளக்கினேன்.

"ஏத்தா, மொதல்ல வந்தது யாருன்னா கேட்டேன்? மொதல்ல முடிச்சது யாரு?" என்றார் சித்தப்பா.

கருப்பையா. நான் அழுதுவிட்டேன்.

"அழுகாதத்தா" என்ற வாத்தியார் கருப்பையாவிடம் திரும்பினார். "எங்களுக்குக் கல்யாணம் கோயில்லதான். மண்டபம் சாப்பாட்டுக்கு மட்டுந்தான். நீயே வச்சுக்கப்பா."

"அப்பறம் நீங்க எங்குட்டு சார் போவீக? பந்திய ஒண்ணாப் போட்ருவோம்."

அப்படியே நடந்தது. வருபவர்களை அந்தந்த ஜோடியிடம் பிரித்து அனுப்ப என்னை வாசலில் நிறுத்தினார்கள். "எந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கீக?" என்றால் பாதிப்பேர், "சாப்பிட" என்றார்கள். நான் அனுப்பிய லட்சணத்தில், பரிசாக வந்த குத்துவிளக்கு வாத்தியார் மகளுக்கும், மாதா படம் கருப்பையா மகளுக்கும் போய்ச் சேர்ந்தன. மாற்றித் தரக் கேட்டுப் போனேன். இரண்டு பெண்களுமே கொடுக்க மறுத்துவிட்டார்கள்.

சில வருடங்கள் கழித்து அதே மண்டபத்தில் எனக்குக் கல்யாணம். முதல் ஆட்களாக வந்த அந்த இரண்டு அப்பாக்களும் மணமேடைக்கே ஏறிவிட்டார்கள். வாத்தியார் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார்.

"தம்பி, உறுதி பண்ணிட்டீகளா, இல்ல நம்பர் மட்டுந்தான் வாங்கியிருக்கீகளா?"

என் கணவர் இன்றும், காபி தருகிறேன் என்று நான் சொன்னால்கூட, இதைத்தான் கேட்கிறார்.