முப்பத்தொரு கேலிச்சித்திரங்களை நான் காப்பாற்றிய கதை

கேட்காத உதவியைச் செய்வதில் எனக்கு நிகரான ஆள் ஸ்காபரோவில் இல்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

என் மகள் அபிக்கு ஒரு பைத்தியம். பேஸ்போலை வைத்து அரசியல்வாதிகளைக் கிண்டலடித்த கேலிச்சித்திரங்களைப் பழைய பத்திரிகைகளில் தேடிச் சேர்ப்பாள். மட்டையோடு ஒரு மந்திரி நிற்பார். 'வரி' என்று எழுதிய பந்து அவர் மூக்கை நோக்கி வரும். எனக்கு அந்த மந்திரியையும் தெரியாது, விளையாட்டும் விளங்காது. (இன்றைக்கும் விளங்காது.) ஆனால் வீட்டில் வாயே திறக்காத பிள்ளை, அதை விளக்கும்போது மட்டும் ஒரு மணித்தியாலம் என் பக்கத்தில் இருப்பாள். அதற்காகவே நான் வாராவாரம் விளங்காமல் இருந்தேன்.

சேகரிப்பாளர் சங்கமொன்று நூலகக் கண்காட்சியில் அவளுக்கு ஒரு முழுச் சுவரைக் கொடுத்தது. அவள் வேலைக்குப் போன நேரம் சித்திரங்களை எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் அப்பளம்போல நொறுங்கியது. நான் கனடாவில் வந்திறங்கியபோது, நான்தான் நான் என்று நிரூபித்தது பிளாஸ்டிக் ஒட்டிய என் பிறப்புச் சான்றிதழ். முப்பத்தொன்றையும் அள்ளிக்கொண்டு, பிளாஸ்டிக் ஒட்ட பிளாசாவிலிருந்த கடையொன்றுக்குப் போனேன்.

"அண்ணை, இனி உதுகளை உங்கட பேரப்பிள்ளையளும் பாக்கலாம்," என்றார் லமினேற் செய்த கடைக்காரர்.

அபிக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பெட்டியை நூலகத்தில்தான் திறந்தேன். சங்கத்துப் பெரியவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். மந்திரியின் முகத்தில் மேலேயிருந்த ரியூப்லைற் மின்னியது. ஒட்டியதை இனி உரிக்க முடியாது, இவற்றை மாட்டவும் முடியாது என்றார். யார் செய்த வேலை என்றும் கேட்டார். நான் கூரையைப் பார்த்தேன்.

தான்தான் செய்ததாக அபி சொன்னாள்.

காரில் வீட்டுக்குத் திரும்பினோம். பாதி வழியில், "என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாம், அப்பா," என்றாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவள் திட்டவில்லை. அதோடு சேகரிப்பதையும் விட்டுவிட்டாள்.

இப்போது இது எங்கள் குடும்பத்தின் ஆஸ்தானப் பகிடி. என் கை பட்டால் வாழையிலைக்கும் பிளாஸ்டிக் ஒட்டிவிடுவேனாம். போன வருடம் அபிக்கு மகன் பிறந்தான். அவனுடைய பிறப்புச் சான்றிதழ் வந்த அன்று என் மனைவிக்குப் போன் எடுத்தாள்; ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அம்மா, அப்பா வீட்டில நிக்கிறாரோ? அப்ப நான் பேப்பரோட பிறகு வாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

முப்பத்தொன்றும் என் அலுமாரியில் பளபளவென்று இருக்கின்றன. கடைக்காரர் சொன்னது சரிதான், பேரன் தாராளமாகப் பார்க்கலாம். அவன் விளக்கம் கேட்டால்தான் என்னிடம் பதில் இல்லை.