இருபத்து மூவருக்கு மிகாமல்

தொம். கொஞ்சம் நிதானம். மறுபடியும் தொம்.

கால்பந்துச் சம்மேளனத்தின் பின்சுவரில் பந்து மோதும் சத்தம் அது. சுவருக்கு இந்தப் பக்கம் டைப்பிஸ்ட் அம்மா கடிதம் தட்டிக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கம் காலி மனையில் அவளுடைய அக்கா மகள், பள்ளிக்கூடப் பையை ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, இடது காலால் பந்தை உதைத்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு உதைக்கும் அலமாரிக் கண்ணாடி ஒருமுறை சிலிர்த்து அடங்கும். சித்தியின் வேலை முடியும்வரை அது கேட்கும். அந்தச் சத்தம் நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டது. தொலைவில் வானம் உறுமினால் டைப்பிஸ்ட் அம்மா இன்றைக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.

"கால்பந்துச் சம்மேளனத்துல என்னம்மா இது பந்துச் சத்தம்? வேலை நடக்கிற இடம்" என்று தலைவர் மட்டும் அவ்வப்போது வருத்தப்படுவார்.

அந்தப் பெண்ணுக்குச் சுண்டெலி என்று பட்டப்பெயர். ஆள் அத்தனை சிறிசு. எதிரணிக் கால்களுக்கு நடுவே புகுந்தால் எந்தப் பக்கம் வெளியே வருவாள் என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சர்வதேசப் போட்டியின் தகுதிச் சுற்று வந்தது. ஐந்தாம் பிரிவில் நம்மையும் சேர்த்து நான்கு நாடுகள். ஆளுக்கு மூன்று ஆட்டம். முதலில் வருகிற அணி மட்டும் மேலே போகும். சுண்டெலிக்குப் பதினேழு முடிய நான்கு மாதம்தான் பாக்கி. இந்த வண்டியை விட்டால் அவளுக்கு வேறு வண்டி கிடையாது.

போட்டியை நடத்தும் நாட்டிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஓர் அணிக்கு முப்பது பேர். அவர்களுள் ஆட்டக்காரர்கள் இருபத்து மூவருக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். டைப்பிஸ்ட் அம்மா சட்டை எண் வரிசையில் இருபத்து மூன்று பெண்களின் பெயரைத் தட்டினாள். முதலில் கோல்கீப்பர், பிறகு தடுப்பாட்டக்காரர்கள், அப்படியே இறங்கிவந்தால் பதினோராவதாகச் சுண்டெலி. கடைசியில் அலுவலர்கள் ஏழு பேர்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இருபத்து மூணு எதுக்கும்மா?"

"சுற்றறிக்கையில இருக்குங்க ஐயா."

"மிகாமல்னு இருக்கு. குறையாமல்னு இருக்கா?"

செயலாளர் சுற்றறிக்கையைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இல்லைங்க ஐயா" என்றார்.

"இந்தக் காலத்துல ஆட்டக்காரங்களை மட்டும் நம்பி யாராவது ஆடப் போவாங்களா? உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு."

உலகம் போன இடத்துக்குச் சம்மேளனமும் போவதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. மறுநாள் மனவலிமை ஆலோசகர் சேர்க்கப்பட்டார். அவர் தலைவரின் மைத்துனர். மனசுக்கு ஆள் இருக்கும்போது மூச்சுக்கு இல்லாவிட்டால் எப்படி என்று மூச்சுப் பயிற்சி ஆலோசகர் ஒருவர் வந்தார். புள்ளிவிவர நிபுணர் வந்தார். அவரிடம் மடிக்கணினி இருந்தது, அதுவே போதுமான தகுதியாகக் கருதப்பட்டது. சட்டையின் நிறம் எதிரணியின் மனத்தில் உண்டாக்கும் பாதிப்பைக் கவனிக்க ஒருவர், இவர்கள் எல்லோரையும் படம்பிடிக்க ஒருவர், படத்தில் இவர்கள் நன்றாக விழுந்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல ஒருவர். ஓர் ஆலோசகர் ஏறும்போதெல்லாம் பட்டியலின் அடியிலிருந்து ஒரு பெண் உதிர்ந்தாள். டைப்பிஸ்ட் அம்மா புதிதாகத் தட்டிக் கொடுத்தாள்.

மூன்று வருஷமாக அந்தப் பெண்களை வெயிலில் ஓடவைத்த பயிற்சியாளர் அம்மாவின் பெயரும் போயிற்று.

"பயிற்சிதான் முடிஞ்சாச்சே, இனிமே அவங்களுக்கு அங்க என்ன வேலை?" என்றார் தலைவர். அதில் நியாயம் இருப்பதைக் கூட்டம் பதிவுசெய்தது.

அன்று மாலை வீட்டுக்கு நடக்கும்போது சுண்டெலி கேட்டாள்.

"சித்தி, நான் எத்தனாவது?"

"பதினொண்ணு."

"மொத்தம் எத்தனை?"

"பதினொண்ணு."

"ஓ. வாசப்படியில நிக்கிறேன்னு சொல்லு."

"உன்னை ஒருத்தரும் தள்ள முடியாதுடி. நான் அங்கதானே உட்கார்ந்திருக்கேன்?"

மறுநாள் தொலைநோக்கு ஆலோசகர் ஒருவருக்கு இடம் தேவைப்பட்டது.

"பத்து பேர் ஆடினா என்ன கெட்டுப்போச்சு?" என்றார் தலைவர். "சிவப்பு அட்டை வாங்கினா மிச்சம் பத்து பேர்தானே ஆடறாங்க? அதை நாம முன்கூட்டியே செஞ்சுடலாம். அட்டை வாங்கின கெட்ட பேரும் இருக்காது."

டைப்பிஸ்ட் அம்மா தட்டுவதை நிறுத்தினாள். இப்படியே விட்டால் ஒருத்திகூட மிஞ்சமாட்டாள். இருபத்திரண்டு வருஷம் அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தும், விதி என்று ஒன்றைக் காட்டினால் அதிகாரிகள் பயந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை அவளுக்கு மிச்சமிருந்தது. அலமாரியிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, உரக்கப் படித்தாள்.

"ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடங்கக் கூடாது."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏழா?"

"ஆமாங்க ஐயா. இஷ்டத்துக்குக் குறைச்சுட்டே போக முடியாது. விதின்னு ஒண்ணு இருக்கு."

"ஏம்மா, இத்தனை நாளா இதை ஏன் சொல்லலை? நாங்க பதினொண்ணுலேயே முட்டிட்டு நிக்கிறோமே!"

ஐந்து நிமிஷத்தில் பட்டியல் முடிந்தது. ஆட்டக்காரர்கள் ஏழு, அலுவலர்கள் இருபத்து மூன்று. முதல் பட்டியலின் எண்களில் ஒன்றைக்கூடச் சம்மேளனம் மாற்றவில்லை. இடத்தை மட்டும்தான் மாற்றியது.

"ஐயா, கோல் அடிக்கிறவங்க எல்லாரும் எட்டுக்கு மேலதான் இருக்காங்க" என்றாள் அவள்.

மனவலிமை ஆலோசகர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். "கோல்ங்கறது விளைவு. நாம விளைவைத் தேடிப் போகல. செயல்முறையைத் தேடிப் போறோம்."

"அலுவலர்ல இருபத்து மூணாவது பேர் காலியா இருக்குங்க" என்றார் செயலாளர்.

"விதி தெரிஞ்சவங்க ஒருத்தர் கூட வேணாமா?" தலைவர் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "விதிகள் ஆலோசகர்னு போட்டு உங்க பேரைத் தட்டுங்கம்மா."

அவள் அதுவரை விமானத்தை அண்ணாந்துதான் பார்த்திருக்கிறாள். விரல் பழக்கத்தில் தானாகத் தட்டிவிட்டது என்று பின்னால் பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

காலி மனையில் சுண்டெலி பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் கேட்டாள்.

"அப்ப என் இடத்துல நீ போற."

"நான் போகலடி. முடியாதுன்னு எழுதிக் குடுத்துடறேன்."

"எழுதிக் குடுத்தா என்னைச் சேர்த்துக்குவாங்களா?"

டைப்பிஸ்ட் அம்மா கல்லின்மேல் இருந்த பள்ளிக்கூடப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வேற ஆலோசகரைச் சேர்ப்பாங்க."

"அப்ப நீயே போயிட்டு வா. ஆட்டத்தைப் பார்க்கறதுக்காவது ஓர் ஆள் வேணும்ல?"

பந்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சுவரில் சத்தம் கேட்கவில்லை.

முதல் ஆட்டத்தில் நம் அணி பதினான்கு கோல் வாங்கியது. இரண்டாவதில் ஒன்பது. நம் கோல்கீப்பர் அன்றைய சிறந்த வீராங்கனையாக அறிவிக்கப்பட்டாள். வேறு யாருக்கும் அத்தனை வேலை இருக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் பன்னிரண்டாவது நிமிஷம், இரண்டு கோல் வாங்கியிருந்தபோது, ஒரு பெண்ணுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மிச்சம் ஆறு பேர். நடுவர் ஓரத்து இருக்கைகளைப் பார்த்தார். இருபத்து மூன்று நாற்காலிகளில் ஒன்றில் மட்டும் ஆள் இருந்தது. மற்றவர்கள் அந்நகரத்தின் கடைவீதிகளை ஆய்வுசெய்யப் போயிருந்தார்கள்.

"வேற யாரும் இல்லையா?" என்று நடுவர் சைகையில் கேட்டார்.

விதிகள் ஆலோசகர் மடியிலிருந்த விதிப்புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு, இல்லை என்று தலையாட்டினாள். ஆட்டம் நிறுத்தப்பட்டது.

ஊர் திரும்பியதும் வரவேற்பு விழா நடந்தது. "ஐந்தாம் பிரிவில் முதல் நான்கு இடங்களுக்குள் வந்த நமது அணி" என்று பதாகை சொல்லியது. புள்ளிவிவர நிபுணர் திரையில் ஒரு கோடு காட்டினார். பதினான்கு, ஒன்பது, இரண்டு.

"இந்த வேகத்துல போனா அடுத்த போட்டியில நாம வாங்கற கோல் பூஜ்யத்துக்குக் கீழே போயிடும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. சம்மேளனத்தைத் தெருமுனையில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுகிறவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். அடுத்த பட்டியலுக்கான விண்ணப்பம் அவர்கள் சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவும் தட்டினாள். முன்வரிசையில் இடம் கொடுத்திருக்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

அதன்பிறகு அவள் விதிகள் ஆலோசகராக இன்னும் நான்கு நாடுகளுக்குப் போய்வந்தாள். சுண்டெலி விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை எடை போடும் வேலையில் இருக்கிறாள்.