மெயிலில் போன காய்ச்சல்

"இதுக்கு ஏன் சாமி நீ பதிலே போடல?" என்று முதலாளி சின்னண்ணன் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் கேட்டபோது, எதைச் சொல்கிறார் என்றே நர்மதாவுக்குப் புரியவில்லை.

நாமக்கல்லில் அவருடைய கோழிப்பண்ணை அலுவலகத்திலிருந்து மஸ்கட்டுக்கு மெயில் எழுதுவது அவள் வேலை. அங்கே முட்டை வாங்கும் கம்பெனி, 'நீங்களும் குடும்பத்தாரும் நலமென நம்புகிறோம்' என்றுதான் எந்த மெயிலையும் இங்கிலீஷில் ஆரம்பிக்கும். நர்மதா அந்த வரியைத் தாண்டிப் போய்த்தான் படிப்பாள். ஊர் உலகமே அப்படித்தான் செய்கிறது. அன்றைக்குச் சின்னண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுதான் வினை.

அது சும்மா ஒரு சம்பிரதாயம் என்று அவள் சொன்னதும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதிரே வருகிறவர் சௌக்கியமா என்றால் வண்டியை நிறுத்தி, வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர் அவர். மூன்று வருடமாகக் கடல் தாண்டி ஒருவர் விசாரிக்கிறார், இங்கிருந்து பதிலே போகவில்லையாம்.

"நம்மள என்னன்னு நெனப்பாங்க? உள்ளத உள்ளபடி எழுது."

மகன் பெங்களூரில் சுகம். மனைவி பழனியம்மாளுக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல். அன்றைக்கு வாழப்பாடியில் சின்னண்ணனின் தங்கை மகளுக்கு வளைகாப்பு. கிளம்புகிற நேரத்தில் படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு மட்டும் இறங்குகிறது. வளைகாப்பை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் நர்மதா எழுதி அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. பண்ணைக்காரர் வீட்டில் காய்ச்சலா? கோழிகள் எப்படி இருக்கின்றன? தூத்துக்குடியில் நிற்கும் கண்டெய்னரைக் கப்பலில் ஏற்ற வேண்டாம்.

உள்ளே இருப்பது நாலே முக்கால் லட்சம் முட்டை. பறவைக் காய்ச்சல் என்று பயந்துவிட்டார்கள் என்பது நர்மதாவுக்குப் புரிந்துவிட்டது. சின்னண்ணனோ நெகிழ்ந்து போயிருந்தார். கோழியைக்கூட விசாரிக்கிறார்களே! போன மாசம் கொஞ்சம் தும்மிக்கொண்டிருந்தன, இப்போது தேவலை என்று எழுதச் சொன்னார். வேண்டாம் என்று நர்மதா கெஞ்சினாள்.

"விசாரிக்கறவங்ககிட்டப் பொய் சொல்றதா?"

இந்த முறை பத்தே நிமிடம். எல்லா ஆர்டரும் நிறுத்தம். நாளைக் காலை எங்கள் டாக்டர் வருவார்.

சின்னண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கண்டெய்னர் திரும்பினால் பண்ணையின் பேரே போய்விடும், அப்புறம் ஒரு நாட்டுக்காரனும் வாங்கமாட்டான். சௌக்கியமா என்றுதானே கேட்டார்கள் என்று நர்மதாவிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் கம்பெனி சார்பில் சேலத்திலிருந்து வந்த டாக்டர் மாதேஸ்வரன் கால்நடை மருத்துவர். கொட்டகை கொட்டகையாகப் போய்ப் பார்த்து, கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். சின்னண்ணனுக்கு மூச்சு வந்தது. டாக்டர் பேனாவை மூடவில்லை.

"காய்ச்சல்காரங்க எங்கீங்க? எத்தனை டிகிரின்னு எழுதாம கண்டெய்னர் நகராதுங்க."

வீட்டுக்குள் பழனியம்மாள் கழுத்து வரைக்கும் போர்த்திப் படுத்திருந்தார். நாலு நாள் காய்ச்சலுக்கு முகம் நன்றாகத்தான் இருந்தது. மனிதர்களைப் பார்த்துப் பழக்கமில்லை என்று டாக்டர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பையைத் திறந்தார். விரல் தடிமனில் ஒரு தெர்மாமீட்டர் வெளியே வந்தது. அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"இது எதுக்குங்க?" என்றார் பழனியம்மாள்.

"மாட்டுக்கு வெக்கறதுங்க."

வாலைத் தூக்கி எங்கே வைப்பார்கள் என்பது பண்ணை வீட்டுக்காரிக்குத் தெரியாதா? போர்வையை உதறி எழுந்து உட்கார்ந்தார். நர்மதா வாய் பிளந்து நின்றாள். பழனியம்மாள் கணவரைத் தவிர மற்ற எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"காச்சல் வரவே இல்லீன்னு எழுதிக்கங்க சாமி. இவங்க தங்கச்சி ஊட்டு வளைகாப்புக்குப் போகப் புடிக்காமத்தான் படுத்தேனுங்க."